கோயில் மாறுவதா, இருப்பதா: உறுப்பினர் எல்லாரிடமும் ஓட்டுக் கேட்கும்போது

கேள்வி சுருக்கமாக இது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து ஊர். செம்பனைத் தோட்டத்தை வாங்கிய நிறுவனம் அங்கே வீடமைப்புத் திட்டம் கொண்டுவருகிறது. கோயிலுக்கு வேறு இடத்தில் மாற்று நிலம் தருவதாகச் சொல்கிறது. நிர்வாகக் குழு தானே முடிவெடுக்காமல் உறுப்பினர் எல்லாரிடமும் ஓட்டு எடுக்கப் போகிறது. "நான் மாறலாம் என்கிற பக்கம். எப்படிப் பிரச்சாரம் செய்வது? இதையெல்லாம் மக்கள் படித்துப் பார்த்தா ஓட்டுப் போடுவார்கள், ஆள் முகத்தைப் பார்த்துத்தானே? கையைத் தூக்கச் சொன்னால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளுக்கு ஓட்டுப் போட்டுப் பழகியவர்கள் நாம். விஷயத்துக்கு ஓட்டுப் போட்ட அனுபவம் நமக்குக் குறைவு. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தில் மக்கள் வாக்கெடுப்புக்கென்று ஏற்பாடு கிடையாது. உள்ளாட்சித் தேர்தலும் 1965-இல் நிறுத்தப்பட்டு, 1976 உள்ளாட்சிச் சட்டத்தோடு இல்லாமலே போனது. ஒரு விஷயத்தின்மேல் நேரடியாக ஓட்டுப் போடும் வாய்ப்பு ஒரு தோட்டத்துக்காரருக்குக் கோயில், கூட்டுறவுச் சங்கம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்த ஓட்டு ஆகியவற்றோடு சரி. அதனால் உங்கள் ஓட்டெடுப்பை முறையாக நடத்துங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் நேரடி ஜனநாயகத்தைக் கண்ணால் பார்ப்பது அநேகமாக அங்கேதான் இருக்கும்.

படிப்பார்களா என்றால், பெரும்பாலோர் முழுதாகப் படிக்கமாட்டார்கள். அதற்காக யோசிக்காமல் போடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1988 நவம்பரில் கலிபோர்னியாவில் காப்புறுதி பற்றி ஒரே சீட்டில் ஐந்து தீர்மானங்கள் வந்தன. எல்லாம் வாயில் நுழையாத சட்ட மொழி. காப்புறுதி நிறுவனங்கள் 6 கோடி டாலருக்கு மேல் கொட்டின. ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களை ஆர்தர் லூப்பியா என்ற அரசியல் ஆய்வாளர் விசாரித்தார். தீர்மானங்களின் விவரம் தெரியாவிட்டாலும், எதைக் காப்புறுதி நிறுவனங்கள் ஆதரிக்கின்றன, எதை எதிர்க்கின்றன என்று தெரிந்து வைத்திருந்தவர்கள், எல்லாம் கரைத்துக் குடித்தவர்களைப் போலவே ஓட்டுப் போட்டிருந்தார்கள். விவரமும் தெரியாமல், யார் எந்தப் பக்கம் என்பதும் தெரியாமல் இருந்தவர்களின் ஓட்டுதான் வேறு மாதிரி போயிருந்தது. ஐந்தில் ஜெயித்தது ஒன்றே ஒன்று, 103-ஆம் தீர்மானம். நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் ஆதரித்ததும், நிறுவனங்கள் எதிர்த்ததும் அதுதான்.

ஆள் முகத்தைப் பார்ப்பது தப்பில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அந்த முகத்துக்கு இதில் என்ன ஆதாயம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே முதல் வேலையாக, உங்கள் பக்கம் பேசுகிற ஒவ்வொருவரும் தன் தொடர்பை முன்கூட்டியே எழுத்தில் சொல்லட்டும். நிறுவனத்தில் வேலை செய்கிறாரா, புதுக் கோயில் கட்டும் குத்தகை எடுக்கும் எண்ணம் உண்டா, புதுத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீடு பதிந்திருக்கிறாரா? எதிர்ப்பக்கத்தாரும் அப்படியே சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் "அவர் மச்சான்தான் குத்தகையாளராம்" என்று ஒட்டுக்கடையில் கிளம்பினால், உங்கள் நியாயமான வாதமும் சேர்ந்து அடிபடும்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத ஒரு செய்தி. மாற்றம் கேட்கிறவருக்குத்தான் சுமை அதிகம். சுவிட்சர்லாந்தில் 18 மாதத்துக்குள் 1,00,000 கையெழுத்து திரட்டினால் எந்தக் குடிமகனும் அரசமைப்பைத் திருத்த ஓட்டெடுப்பு கேட்கலாம். 1891-இலிருந்து இருக்கும் இந்த வழியில் ஜெயித்தவை ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் அரசமைப்பைத் திருத்த நடந்த 45 கேள்விகளில் 8 மட்டுமே தேறின. 2023 அக்டோபரில் அங்கே பூர்வகுடியினர் ஆலோசனைக் குழு பற்றிய ஓட்டில், எதிர்த்தவர்கள் சொன்ன வாசகம் ஒற்றை வரி: தெரியாவிட்டால் வேண்டாம் என்று போடுங்கள். 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆதரிப்பவர் எல்லாச் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எதிர்ப்பவர் ஒரு சந்தேகத்தை உயிரோடு வைத்திருந்தாலே போதும். அதனால்தான் ஓட்டெடுப்புகளில் ஆதரவு பொதுவாக உயரத்தில் தொடங்கி, நாள் நெருங்க நெருங்க இறங்குகிறது. இன்றைக்கு ஊரில் பாதிக்கு மேல் உங்கள் பக்கம் தெரிந்தால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

"கோயிலுக்கு லாபம் என்று சொன்னால் போடுவார்கள்" என்பதும் நிச்சயமில்லை. வருடத்துக்கு ஆறு வாரச் சம்பள விடுப்பு வேண்டுமா என்று 2012-இல் சுவிஸ் மக்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். வேலை போய்விடும் என்ற முதலாளிகளின் வாதம் எடுபட்டது. அதே நாட்டில் 2024 மார்ச்சில், ஓய்வூதியத்தை வருடத்துக்கு 13 மாதமாகத் தர வேண்டும் என்ற தொழிற்சங்கங்களின் கோரிக்கை, அரசாங்கமும் நாடாளுமன்றமும் எதிர்த்தும் 58 விழுக்காடு பெற்று ஜெயித்தது. விலைவாசி ஏறிய நேரம் அது. பலன் என்ன என்று ஒரு பாட்டிக்கு ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. முன்னதில், பலனுக்குப் பின்னால் என்ன வரும் என்ற பயம் பலனைவிடப் பெரிதாகிவிட்டது.

நான் சொல்ல வந்ததே இதுதான். ஓட்டுச் சீட்டில் ஒரு வழிதான் விளக்கமாக இருக்கும்: மாற்று நிலம், அதன் அளவு, அதன் இடம். இன்னொரு வழி வெறும் 'வேண்டாம்' என்று நிற்கும். வேண்டாம் என்று போட்டால் அடுத்த மாதம், அடுத்த வருடம் கோயிலுக்கு என்ன ஆகும் என்று யாரும் எழுதுவதில்லை. எழுதாத இடத்தை ஒவ்வொருவரும் தன் ஆசையாலோ பயத்தாலோ நிரப்பிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் 2016-இல் இதுவே தலைகீழாக நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'இருப்பது' எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 'விலகுவது' எப்படி இருக்கும் என்று எங்கும் எழுதப்படவில்லை. 51.9 விழுக்காட்டில் விலகல் ஜெயித்தது. எப்படி விலகுவது என்ற சண்டை பல வருடம் ஓடி, பிரதமர்களைக் கவிழ்த்தது. உங்கள் ஓட்டெடுப்பில் இரண்டு வழிக்கும் சம அளவு காகிதம் ஒதுக்குங்கள்.

அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உழைப்பு போட வேண்டிய இடம் இதுதான். ஒரே ஒரு ஏ4 தாள். ஒரு பக்கம் 'மாறினால்', மறுபக்கம் 'இருந்தால்'. எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி இல்லாமல் பெரியவர்கள் வாசிக்கும் அளவுக்கு. தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. தமிழ்ப்பள்ளியில் படிக்காத இளையவர்கள் வீட்டில் உண்டு.

'மாறினால்' பக்கத்தில் முதல் வரியே நிலத்தின் உரிமை. கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம், யார் பெயரில் வரும்? கோயில் சங்கத்தின் பெயரிலா, நிறுவனத்தின் பெயரிலேயே இருக்குமா, அல்லது வழிபாட்டுத் தலத்துக்கான ரிசர்வாக மாநில அரசு அரசிதழில் வெளியிடுமா? இது எழுத்தில் இல்லையென்றால் "தருவதாகச் சொன்னார்கள்" என்று மட்டும் எழுதுங்கள், "தருகிறார்கள்" என்று எழுதாதீர்கள். அடுத்து செலவு, வரிசையாக: மண் நிரப்புவது, வேலி, மாவட்ட மன்றத்தில் கட்டட வரைபட அனுமதி, தண்ணீர் மின்சார இணைப்புக்கு முன்பணம், பாலாலயம், கருவறை, மண்டபம், குடமுழுக்கு. ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பணம் என்று இருக்க வேண்டும். தெரியாத இடத்தில் 'இன்னும் முடிவாகவில்லை' என்று போடுங்கள். அதை மறைத்தால் எதிர்ப்பக்கம் கண்டுபிடித்துச் சொல்லும், அப்போது தாள் முழுவதும் பொய் என்றாகிவிடும்.

'இருந்தால்' பக்கம் இன்னும் கடினம். நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது? கோயிலுக்கு எழுத்துப்பூர்வமான அனுமதி எதுவும் உண்டா? பழைய தோட்ட நிர்வாகத்தின் கடிதம், டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஏதாவது இருக்கிறதா? மாவட்ட நில அலுவலகத்தில் தேடல் கட்டணம் கட்டி நில விவரத்தை எடுங்கள். ஊர்ப் பேச்சை வைத்து எழுதாதீர்கள். ஓட்டு 'வேண்டாம்' என்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று நிறுவனத்திடம் கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் வந்தபடியே அச்சிடுங்கள். வரவில்லையென்றால் இந்தத் தேதியில் கேட்டோம், பதில் இல்லை என்று அச்சிடுங்கள்.

இந்தப் பக்கத்தை நீங்களே எழுதினால் மிரட்டல்போல் தெரியும். 'இடித்துவிடுவார்கள்' என்று மாறச் சொல்கிறவர் வாயிலிருந்து வந்தால், உண்மையாகவே இருந்தாலும் மக்கள் முறுக்கிக்கொள்வார்கள். அதனால் எதிர்ப்பக்கத்தாரை எழுதச் சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் ஓட்டுச் சீட்டோடு வீடு தேடி வரும் அரசாங்கக் கையேட்டில், அரசாங்கத்தை எதிர்க்கும் குழுவின் வாதமும் அவர்கள் வார்த்தையிலேயே இடம்பெறும். ஓட்டு நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே அது கைக்கு வந்துவிடும். இரு பக்கமும் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒரேகன் மாநிலம் 2010-இலிருந்து கையாண்ட வழி இருக்கிறது. வாக்காளர்களில் இருபது பேருக்குக் குறையாமல் குலுக்கலில் எடுத்து, சில நாள் உட்காரவைத்து, இரு தரப்பையும் விசாரித்து ஒரு பக்க அறிக்கை எழுதச் சொல்வது. உங்களுக்கு ஒன்பது பேர் போதும். உறுப்பினர் பட்டியலில் சீட்டுக் குலுக்கி எடுங்கள், நிர்வாகக் குழுவினரையும் அவர்கள் வீட்டாரையும் தவிர்த்து. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். அவர்கள் எழுதுவதை ஊர் நம்பும்.

கேள்வியின் வாசகத்துக்கு வருவோம். ஸ்காட்லாந்தில் 2014 ஓட்டெடுப்புக்கு முதலில் எழுதியது, "ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்பதே ஆம் பக்கம் சாய்க்கிறது என்று தேர்தல் ஆணையம் மாற்றச் சொன்னது. 2016 பிரிட்டன் ஓட்டெடுப்பிலும் ஆம், இல்லை என்பதை எடுத்துவிட்டு 'இருப்பது', 'விலகுவது' என்று இரண்டையும் சீட்டில் எழுத வைத்தது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: "கோயிலை மாற்று நிலத்துக்குக் கொண்டுபோவது", "கோயிலை இப்போதைய இடத்திலேயே வைத்திருப்பது". இரண்டு கட்டம், அவ்வளவுதான். 'ஆலயத்தின் எதிர்கால நலன் கருதி' என்ற முன்னுரையெல்லாம் வேண்டாம்.

'இன்னும் பேரம் பேசிப் பார்ப்போம்' என்று மூன்றாவது கூட்டம் ஒன்று நிச்சயம் இருக்கும். அவர்களைக் கவனிக்காமல் விட்டால் 1999-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது நடக்கும். குடியரசு வேண்டும் என்றவர்களிலேயே, அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஒரு பகுதியினர், சீட்டில் இருந்த முறை பிடிக்காமல் 'இல்லை' என்று போட்டார்கள். தீர்மானம் தோற்றது. மூன்று வழியையும் ஒரே கேள்வியில் போட்டால் ஓட்டு சிதறும். 1987-இலிருந்து சுவிஸ்காரர்கள் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு திட்டங்களையும் (உங்களுக்கு மாறுவதும் பேரம் பேசுவதும்) தனித்தனியாகக் கேட்பது, இரண்டுக்கும் ஆம் போட அனுமதிப்பது, மூன்றாவதாக "இரண்டும் தேறினால் எது நடைமுறைக்கு வரட்டும்?" என்று கேட்பது. கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும், ஆனால் மனசுக்கு நேர்மையான முடிவு வரும். பக்கத்துச் சிங்கப்பூரில் 1962-இல் மலேசியாவோடு இணைவது பற்றிய ஓட்டில் மூன்று வழிகள் இருந்தன, மூன்றுமே இணைவதுதான். வேண்டாம் என்று போட இடமே இல்லை. நாலில் ஒருவர் வெற்றுச் சீட்டைப் போட்டார். தன் வழி சீட்டில் இல்லாதவர் முடிவைத் தன்னுடையது என்று எண்ணமாட்டார்.

யார் ஓட்டுப் போடலாம் என்பதைப் பிரச்சாரம் தொடங்குமுன் பூட்டிவிடுங்கள். சங்கத்தின் அமைப்பு விதியை எடுத்து, உறுப்பினர் தகுதி, சந்தா பாக்கி, நிறைவெண் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) எல்லாம் பாருங்கள். ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு சேர்கிறவருக்கு இந்த ஓட்டு இல்லை என்று அறிவியுங்கள். கடைசி வாரத்தில் இருபது பேருக்குச் சந்தா கட்டி ஆள் சேர்ப்பது நம் சங்கங்களில் புதிதில்லை. பல கோயில்களில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். விளக்கேற்றிக் கூட்டிப் பெருக்குகிற பெண்களுக்கு ஓட்டு இருக்காது. சுவிட்சர்லாந்தில் ஆண்கள் மட்டுமே போட்ட ஓட்டில் 1959-இல் பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1971-இல்தான் கிடைத்தது. அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் ஆண்கள் 1990 ஏப்ரலில்கூட மறுத்து, அந்த வருடமே உச்ச நீதிமன்றம் தலையிட்டது. விதி இடம் கொடுத்தால் பெண்களையும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளையும் இப்போதே உறுப்பினராக்குங்கள். இடம் கொடுக்காவிட்டால் முதலில் விதியைத் திருத்துங்கள்.

பிரச்சாரம் என்றால் பேனரும் ஒலிபெருக்கியும் நினைவுக்கு வரும். இந்த அளவு ஊருக்கு அதில் பயனில்லை. வீடு வீடாகப் போங்கள். சுங்கை சிப்புட்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அந்த வட்டாரத்தில் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்து வெள்ளி வீதம் கேட்டுத்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். கேட்டது சிறிது, கேட்டவர் நேரில் வந்தார். நீங்களும் இருவராகப் போங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். மாலை ஆறுக்கு மேல், எட்டரைக்குள். விடியற்காலை வேலைக்கு எழுகிறவர்கள் வீடு அது.

போனதும் உங்கள் வாதத்தைத் தொடங்காதீர்கள். "கோயில் மாறினால் உங்களுக்கு எது மனசுக்குக் கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நிலத்தைப் பற்றி ஒருவர் கேட்பார். நிறையப் பேர் வேறு கேட்பார்கள்: முனியாண்டியை எடுக்கலாமா, யார் அவரைக் கேட்பது? தாத்தா நட்ட அரசமரம்? தீமிதிக்கு இடம் இருக்குமா? பால்குடம் எங்கிருந்து புறப்படும்? கார் இல்லாத கிழவி வெள்ளிக்கிழமை எப்படி வருவாள்? ஒவ்வொன்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பதில் தெரியாவிட்டால் பூசாரியையோ குருக்களையோ கேட்டுவிட்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். பத்து வீட்டில் ஒரே கேள்வி வந்தால் அது தாளில் ஏற வேண்டும். மாற்று நிலத்துக்கு ஒரு ஞாயிறு வேன் வைத்து எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள், எதிர்ப்பவர்களை முதலில் ஏற்றி. பார்க்காத நிலத்துக்கு யாரும் மனசார ஆம் சொல்லமாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வதந்தி வரும். நிர்வாகம் இவ்வளவு வாங்கிக்கொண்டது என்று ஒரு தொகை சுற்றும். அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லி மறுத்தால் தொகைதான் மனசில் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புவதாகப் பிரிட்டனில் விலகல் பிரச்சாரப் பேருந்தில் எழுதிய 'வாரம் 35 கோடி பவுண்டு' அப்படித்தான் நின்றது. திரும்பக் கிடைக்கும் பணத்தைக் கழிக்காத கணக்கு அது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். சொல்லும்போதெல்லாம் அந்த எண்ணையே சொன்னார்கள். நீங்கள் உண்மைக் கணக்கில் தொடங்கி, வதந்தி தவறு என்று ஒருமுறை சொல்லி, உண்மைக் கணக்கிலேயே முடியுங்கள். வங்கிக் கணக்கறிக்கையைக் கோயில் பலகையில் ஒட்டுங்கள்.

கைதூக்கலாமா? கூடாது. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் இன்றும் திறந்தவெளியில் கைதூக்கி ஓட்டுப் போடுகிறார்கள், பெரும்பான்மை எது என்று தலைவர் கண்ணாலேயே மதிப்பிடுகிறார். ஆனால் உங்கள் ஊரில் கடன் கொடுத்தவரும் வாங்கியவரும், சம்பந்தியும் மேலாளும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ரகசிய ஓட்டுதான். மண்டப மூலையில் துணி மறைப்பு, பென்சில், பூட்டிய பெட்டி. பெட்டி காலி என்று முதலில் திறந்து காட்டுங்கள். படிக்கத் தெரியாதவருக்காக இரண்டு கட்டத்துக்கும் வெவ்வேறு நிறம் கொடுங்கள், ஆனால் பச்சை சிவப்பு வேண்டாம், அதுவே ஒரு பக்கம் சாய்க்கும். எது செல்லாத சீட்டு என்று முன்பே எழுதி ஒட்டுங்கள். எண்ணும்போது எல்லாச் சீட்டையும் விரித்து மூன்று குவியலாக்கி, இரு பக்கத்துச் சாட்சிகள் முன்னால் எண்ணுங்கள். மொத்தச் சீட்டும் பட்டியலில் குறியிட்ட பெயர்களும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் முடிவை அறிவிக்காமல் அங்கேயே காரணத்தைத் தேடுங்கள்.

ஓட்டெடுப்பைக் காலை நேரத்தில் வையுங்கள், மாலை மழையை நம்பவேண்டாம். கொலம்பியாவில் 2016 அக்டோபரில் 297 பக்க அமைதி ஒப்பந்தத்தின்மேல் ஓட்டு நடந்தபோது கரையோரத்தில் புயல் மழை. நாடு முழுக்க 37 விழுக்காட்டினர்தான் வந்தார்கள். அரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒப்பந்தம் தோற்றது.

எத்தனை ஓட்டு வந்தால் வெற்றி என்பதையும் முன்பே அறிவியுங்கள். விதியில் பாதிக்கு மேல் என்றிருந்தாலும், கோயிலை இடம்பெயர்ப்பதற்கு மூன்றில் இரண்டு வைப்பதே சரி என்பது என் கருத்து. ஊரில் பாதிப் பேர் மனசு கசந்து வராத புதுக் கோயிலில் தேர் இழுக்க ஆள் கிடைக்காது. 2020 நவம்பரில் சுவிட்சர்லாந்தில் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய திட்டத்துக்கு 50.7 விழுக்காடு ஆதரவு கிடைத்தும், மாநிலங்களில் பெரும்பான்மை இல்லாமல் தோற்றது. இரட்டைப் பெரும்பான்மை விதி எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்ததால் முடிவு நின்றது. ஆனால் 'பாதிப் பேர் வந்தால்தான் செல்லும்' என்ற மாதிரி விதியைப் புதிதாகச் சேர்க்காதீர்கள். இத்தாலியில் அப்படி இருப்பதால் எதிர்ப்பவர்கள் வீட்டில் இருந்தே தோற்கடிக்கிறார்கள். 2025 ஜூன் ஓட்டெடுப்புக்குச் சுமார் 30 விழுக்காட்டினர் வந்தார்கள், எல்லாம் செல்லாமல் போயின.

தோற்றால் என்ன செய்வது என்பதும் தீர்மானத்திலேயே இருக்கட்டும்: நிறுவனம் புது நிபந்தனை தந்தால் மறுபடி ஓட்டு உண்டா, எத்தனை மாதம் கழித்து? ஜெயித்தாலும் இன்னொரு வரி சேருங்கள். மாற்று நிலத்தின் கிராண்டோ அரசிதழ் அறிவிப்போ சங்கத்தின் கைக்கு வரும்வரை, பழைய இடத்தைக் காலி செய்யச் சம்மதிக்கும் எந்தத் தாளிலும் தலைவரும் செயலாளரும் கையெழுத்திடக் கூடாது. இந்த ஒரு வரிக்காகவே உங்களை எதிர்ப்பவர்களில் சிலர் உங்கள் பக்கம் வரக்கூடும்.